மேலே கப்பல் இருக்க, கீழே சிப்பாய் எதற்கு?

கேள்வி: எனக்குச் சொந்த ஊர் செஞ்சி. விழுப்புரத்தில் கல்லூரிப் படிப்பு, தினமும் பஸ்ஸில் போய்வருகிறேன். 'டூன்' படத்தின் இரண்டு பாகங்களையும் பார்த்ததிலிருந்து எனக்கும் என் நண்பனுக்கும் பஸ்ஸில் ஓயாத சண்டை. கிரகம் விட்டுக் கிரகம் போகிற அளவுக்கு வளர்ந்தவர்கள் தரையில் இறங்கிக் கத்தியும் துப்பாக்கியுமாகக் கட்டிப் புரள்வது சுத்தப் பேத்தல், மேலே கப்பலை நிறுத்திக் குண்டு போட்டால் வேலை முடிந்தது என்கிறான் அவன். காலாட்படை வேண்டும் என்பது என் கட்சி. ஏன் என்றுதான் சொல்லத் தெரியவில்லை. வாயைத் திறந்தால் எங்கள் ஊர்க் கோட்டை மலையான ராஜகிரியைக் கைகாட்டி, "மேல இருக்கறவன்தாண்டா ஜெயிப்பான், உங்க ஊரையே பாரு" என்று அடக்கிவிடுகிறான். ஒரு பிளேட் பிரியாணி பந்தயம். தீர்ப்பை நீங்களே சொல்லுங்கள்.
- வாசகர், செஞ்சி

பதில்: தம்பி, உங்கள் நண்பர் நல்ல சாட்சியைத்தான் கூண்டில் ஏற்றியிருக்கிறார். நீங்கள்தான் குறுக்கு விசாரணை செய்யாமல் விட்டுவிட்டீர்கள். ராஜகிரியிடம் இரண்டு கேள்வி கேட்டிருந்தால் அது உங்கள் பக்கம் பேசியிருக்கும்.

மலையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சுமார் 800 அடி உயரம். உச்சியை நெருங்கும்போது பாறை இரண்டாகப் பிளந்து கிடக்கிறதே, அந்த இடம் 24 அடி அகலம், 60 அடி ஆழம் என்று கணக்குச் சொல்வார்கள். அதன் குறுக்கே அந்தக் காலத்தில் ஒரு மரப்பாலம். பாலத்தை எடுத்துவிட்டால், ஆயிரம் பேரோடு வந்தவனும் இந்தப் பக்கம் நின்று வேடிக்கைதான் பார்க்க வேண்டும். அந்தப் பக்கத்தில் களஞ்சியம் உண்டு, கருவூலம் உண்டு, குடிக்கத் தண்ணீர் உண்டு, கும்பிட அரங்கநாதரும் உண்டு. கடைசியாக நான் ஏறியபோது முட்டி வலித்துப் பாதியில் உட்கார்ந்துவிட்டேன். கையிலிருந்த பிஸ்கட்டைக் குரங்கு பிடுங்கிக்கொண்டு போயிற்று. இவ்வளவு உயரத்துக்குப் பீரங்கியை எப்படி ஏற்றினார்கள் என்று யோசித்துக்கொண்டிருந்த எனக்கு, ஒரு பிஸ்கட் பாக்கெட்டைக் காப்பாற்றத் துப்பில்லை.

இனி விசாரணை. சிவாஜி 1677இல் செஞ்சியைப் பிடித்தார். 1689இல் மராட்டியத் தலைநகர் ராய்கட்டை மொகலாயர் வளைத்தபோது, சிவாஜியின் மகன் ராஜாராம் வேடமிட்டுத் தப்பி வந்து சேர்ந்த இடம் உங்கள் ஊர்தான். (2025 ஜூலையில் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் சேர்த்த 12 மராட்டியக் கோட்டைகளில் பதினொன்று மகாராஷ்டிரத்தில் இருக்க, தமிழ்நாட்டு மலை ஒன்று அதில் எப்படி நுழைந்தது என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில்.) பின்னாலேயே ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகர் கான் வந்து 1690இல் முற்றுகை போட்டார். கோட்டை விழுந்தது 1698இல். அதற்கு முன்பே ராஜாராம் நழுவிவிட்டார்.

அதே கோட்டை. 1750 செப்டம்பர். பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி வருகிறார். ஒரே இரவில் கோட்டை அவர் கைக்குப் போய்விட்டது.

பாறை மாறவில்லை, பிளவு அகலம் குறையவில்லை, உயரம் அதே 800 அடிதான். அங்கே ஏழு வருடத்துக்கு மேல், இங்கே ஒரு ராத்திரி. என்ன வித்தியாசம்? முன்னதில் மேலே நின்றவர்கள் போக்கிடம் இல்லாத மராட்டியர்கள். அவர்களுக்கு வெளியிலிருந்து மராட்டியத் தளபதிகள் சந்தாஜி கோர்படே, தனாஜி ஜாதவ் இருவரின் குதிரைப்படையும் கைகொடுத்தது. பின்னதில் மேலே நின்றவர்கள் சில நாட்களுக்கு முன்புதான் வேறொரு களத்தில் தோற்று, மூச்சிரைக்க ஓடிவந்து உள்ளே புகுந்த ஆற்காடு நவாப் படையின் மிச்சம். திருக்குறளில் 'அரண்' என்றொரு அதிகாரம் இருக்கிறது. கோட்டையின் உயரம், அகலம், உறுதி எல்லாவற்றையும் பத்துக் குறளில் பேசுகிற வள்ளுவர், கடைசிக் குறளில் செயல்திறம் இல்லாதவனுக்கு எத்தனை சிறப்பு இருந்தாலும் அது கோட்டையே இல்லை என்று முடித்துவிடுகிறார். உங்கள் நண்பர் முதல் ஒன்பது குறளோடு நின்றுவிட்டார்.

சரி, விண்வெளிக்கு வருவோம். 'மேலே கப்பலை நிறுத்தி' என்று அவர் சொல்வதில் முதல் சிக்கல், கப்பல் நிற்காது. பூமிக்குச் சில நூறு கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிற எந்தப் பொருளும் நொடிக்கு ஏறக்குறைய 7.8 கிலோமீட்டர் வேகத்தில் ஓடியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் விழுந்துவிடும். சுமார் 90 நிமிடத்துக்கு ஒரு சுற்று. செஞ்சியிலிருந்து அண்ணாந்து பார்த்தால் ஒரு முறைக்குப் பத்து நிமிடம் கண்ணில் பட்டால் அதிகம். ஒரே இடத்துக்கு மேல் நிற்பதுபோல் தோன்ற வேண்டுமானால் 36,000 கிலோமீட்டர் உயரத்துக்குப் போக வேண்டும். அங்கிருந்து எஞ்சின் உதவியில்லாமல் ஒரு பொருள் சரிந்து தரைக்கு வர ஏறத்தாழ 5 மணி நேரம். அதற்குள் கீழே இருப்பவன் சாப்பிட்டுக் கைகழுவி இடத்தை மாற்றிக்கொள்வான். நிறையக் கப்பல்களை வட்டமாக ஓடவிட்டால் சமாளிக்கலாம், உண்மைதான். ஆனால் ஒரு கப்பல் போதும் என்ற பேச்சு அதோடு போயிற்று.

அழிக்கும் சக்தியில் எனக்குத் தகராறே இல்லை. சுற்றுப்பாதை வேகத்தில் வருகிற ஒரு கிலோ இரும்பில் இருக்கும் ஆற்றல், 7 கிலோ டி.என்.டி. வெடிமருந்துக்குச் சமம். வெடிமருந்தே வேண்டாம், கல்லைப் போட்டால் போதும். 1966இல் ராபர்ட் ஹைன்லைன் எழுதிய 'தி மூன் இஸ் எ ஹார்ஷ் மிஸ்ட்ரஸ்' நாவலில் நிலாவில் குடியேறியவர்கள் பூமியை மிரட்டுவது பாறைத் துண்டுகளை வீசித்தான். அதற்கு முன் பூமி என்ன செய்கிறது தெரியுமா? நிலாவில் சிப்பாய்களை இறக்குகிறது. நிலாக்காரர்கள் சுரங்க வீதிகளில் வைத்து அவர்களை முடித்துவிடுகிறார்கள். நிலாவை அழிப்பது பூமியின் நோக்கமில்லை, அங்கே விளைகிற தானியம் வேண்டும். அழித்தால் தானியம் வராது. சிக்கல் மொத்தமும் இவ்வளவுதான்.

'ஸ்டார் வார்ஸ்' முதல் படத்தில் (1977) ஒரு கிரகத்தையே பொடியாக்குகிறார்கள். அந்தக் கிரகத்திலிருந்து பேரரசுக்கு அதன்பின் ஒரு பைசா வரி வந்திருக்குமா? 'அவதார்' படத்தில் மனிதர்கள் தேடிப்போனது மண்ணுக்கு அடியில் உள்ள கனிமத்தை. ஊரைப் பிடிக்க வந்தவனுக்கு ஊர் வேண்டும். கிணறு, அணை, மின்நிலையம், நிலாவாக இருந்தால் பிராணவாயு ஆலை, அதை ஓட்டத் தெரிந்த ஆட்கள், இவையெல்லாம் முழுசாக வேண்டும். எண்ணூறு கிலோமீட்டர் உயரத்திலிருந்து ஒரு வால்வைத் திறக்க முடியாது, ஒரு வீட்டைச் சோதனை போட முடியாது, பஞ்சாயத்துத் தலைவரைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேச முடியாது. நம் கதையிலேயே இருக்கிறதே: அனுமார் ஒற்றை ஆளாகப் பறந்து போய் இலங்கையைக் கொளுத்திவிட்டு வந்தார். சீதை அசோகவனத்திலேயேதான் இருந்தாள். அணை கட்டி, கால்நடையாகப் படை கடந்துபோன பிறகுதான் காரியம் நடந்தது.

உங்கள் நண்பர் இதற்கு ஜப்பானைச் சொல்லுவார், சொல்லட்டும். 1945இல் இரண்டு அணுகுண்டு விழுந்தது, ஜப்பானின் முக்கியத் தீவுகளில் எதிரிப்படை கால் வைப்பதற்கு முன்பே சரணாகதி அறிவிப்பு வந்துவிட்டது. நல்ல வாதம். ஆனால் சரணடைந்த பிறகு லட்சக்கணக்கான அமெரிக்கச் சிப்பாய்கள் அங்கே இறங்கி 1952 வரை ஆக்கிரமிப்புப் படையாக இருந்தார்கள். சண்டை போட வேண்டியிருக்கவில்லை, இருக்க வேண்டியிருந்தது. காலாட்படையின் வேலையில் சுடுவது சிறு பகுதிதான். பெரும்பகுதி, ஓர் இடத்தில் நின்றுகொண்டிருப்பது. கார்கில் போரில் 1999 மே 26 முதல் விமானப்படை குண்டு வீசியது. இருந்தும் டோலோலிங்கையும் டைகர் ஹில்லையும் இரவில் பாறையைப் பற்றி ஏறிய காலாட்படைதான் மீட்டது. படாலிக் பகுதியில் மே 29 அன்று உயிர்விட்ட மேஜர் சரவணன் நம் திருச்சிக்காரர். அவர் உடலைக் கீழே கொண்டுவரவே ஒரு மாதத்துக்கு மேலாயிற்று.

இனி நீங்கள் நண்பரை மடக்க வேண்டிய இடம். செஞ்சியில் உயரம் யாரிடம் இருந்ததோ அவனிடமே களஞ்சியமும் சுனையும் இருந்தன. ராஜகிரி வலுவாக இருந்ததற்குக் காரணம் இந்த இரண்டும் ஒரே கையில் இருந்ததுதான். விண்வெளிப் போரில் இது பிரிந்துபோகிறது. உயரம் வந்தவனிடம், களஞ்சியம் இருப்பவனிடம். சுற்றுப்பாதையில் ஓடுகிற கப்பல், பாலத்தை எடுத்துவிட்ட ராஜகிரி மாதிரி தோன்றும். உண்மையில் அது அடிவாரத்துப் பொட்டலில் கூடாரம் போட்ட சுல்பிகர் கானின் பாளையம். குடிக்கிற தண்ணீர், சுவாசிக்கிற காற்று, தின்கிற சோறு எல்லாம் தூரத்திலிருந்து வர வேண்டும். கீழே இருப்பவனுக்கோ ஒரு கிரகமே கிடங்கு. ஒளிந்துகொள்ள மலையும் குகையும் கடலும் உண்டு. போதாததற்கு மேல்நோக்கிச் சுடவும் முடியும். 2019 மார்ச் 27 அன்று 'மிஷன் சக்தி' சோதனையில் சுமார் 300 கிலோமீட்டர் உயரத்தில் ஓடிய நம்முடைய செயற்கைக்கோள் ஒன்றை நாமே தரையிலிருந்து அடித்து நொறுக்கினோமே.

சுல்பிகர் கானின் பாளையம் என்ன ஆயிற்று என்பதையும் கேளுங்கள். 1692 கடைசியில் சந்தாஜியும் தனாஜியும் வந்து தானிய வண்டிகள் வரும் வழியை அடைத்தார்கள். காஞ்சிபுரத்துப் பக்கம் இருந்த மொகலாய அதிகாரி அலி மர்தான் கானைப் பிடித்துக்கொண்டு போனார்கள். முற்றுகை போட வந்தவர்களே முற்றுகைக்குள் மாட்டினார்கள். பாளையத்தில் பட்டினி. கடைசியில் ராஜாராமோடு பேசி வழிவிடச் செய்து, வந்தவாசிக்குப் பின்வாங்கினார் சுல்பிகர். செஞ்சியிலிருந்து வந்தவாசி எத்தனை தூரம் என்று உங்களுக்குத் தெரியும். பேரரசின் படை அந்தத் தூரத்தைக் கடக்க எதிரியிடம் அனுமதி கேட்க வேண்டியிருந்தது.

விண்வெளியில் இந்த வழங்கல் கணக்கு இன்னும் கொடுமை. நம் இஸ்ரோவின் எல்.வி.எம்-3 ராக்கெட் ஏவும்போது 640 டன். தாழ் சுற்றுப்பாதைக்கு அது கொண்டுபோவது சுமார் 8 டன். கவசம், ஆயுதம், சுவாசக் கருவியோடு ஒரு வீரனுக்கு 200 கிலோ என்று வைத்தால் நாற்பது பேர். சோறு இல்லை, தண்ணீர் இல்லை, உட்கார இடமில்லை, திரும்பி வரவும் வழியில்லை. நாளைய எஞ்சின்கள் இதைவிட நன்றாகத்தான் இருக்கும். ஆனாலும் கிரகத்திலிருந்து கிரகத்துக்குப் படை கொண்டுபோகிற எவனும் கோடிப் பேர் வாழும் உலகத்துக்குச் சில ஆயிரம் பேரோடுதான் போய்ச் சேருவான். ஃபிராங்க் ஹெர்பர்ட் இதைப் புரிந்துகொண்டு எழுதியவர். 1965இல் வந்த 'டூன்' நாவலில் படையை ஏற்றிச்செல்ல விண்பயணச் சங்கத்துக்குக் கட்டிய கூலியிலேயே ஹார்கொன்னன் வம்சத்தின் கஜானா காலியாகிவிடும். அந்தப் பணத்தைக் கீழே உள்ள மக்களிடம் பிழிந்தெடுக்கப் போய்த்தான் மாட்டிக்கொள்வார்கள். (கத்திச் சண்டையை உங்கள் நண்பர் கேலி செய்தாரே, அதற்கும் ஹெர்பர்ட் காரணம் வைத்திருக்கிறார். அங்குள்ள கவசம் வேகமாக வருவதை எல்லாம் தடுத்துவிடும், மெதுவாக நுழைகிற கத்தியைத் தடுக்காது.)

அப்படியானால் தரையில் நிற்கப்போவது யார்? அறிவியல் புனைகதைகள் பெரும்பாலும் கோட்டை விடுகிற இடம் இது. ஹைன்லைனின் 'ஸ்டார்ஷிப் ட்ரூப்பர்ஸ்' (1959) தொடங்கி இன்றைய வீடியோ கேம் வரை, வானத்திலிருந்து கவசம் அணிந்த வீரன் குதிப்பான், சண்டை போடுவான், அடுத்த கிரகத்துக்குப் போவான். படிக்க விறுவிறுப்பு. வரலாறு அப்படி நடக்கவில்லை. கப்பலில் கடல் கடந்து வந்த பிரெஞ்சுக்காரனும் ஆங்கிலேயனும் ஐரோப்பாவிலிருந்து கொண்டுவந்த சிப்பாய்கள் கைப்பிடி அளவு. மற்றவர்களை இங்கேயே எடுத்தார்கள், நம் ஊர்க்காரர்களைத்தான். இன்றைய மதராஸ் ரெஜிமென்ட் தன் தொடக்கமாகச் சொல்லும் ஆண்டு 1758. 1761 ஜனவரியில் புதுச்சேரி விழுந்த பின் செஞ்சியைச் சுற்றி வளைத்த கேப்டன் ஸ்டீபன் ஸ்மித்தின் படையிலும் இந்தச் சிப்பாய்கள் இருந்தார்கள். ராஜகிரியை அவர்கள் சுட்டுப் பிடிக்கவில்லை. உள்ளே இருந்த பிரெஞ்சுப் படைக்கு இனி உதவி வர வழியில்லை, காத்திருந்தார்கள், ஏப்ரலில் கோட்டை கைமாறியது. அன்றைய ஆற்காட்டுக் கர்நாடகப் பகுதியில் பிரெஞ்சுக்காரர்களிடம் கடைசியாக மிஞ்சியிருந்த கோட்டை அது.

ஆக, நாளை ஒரு விண்வெளிப் பேரரசு வந்தால் அதன் காலாட்படை நட்சத்திரத்திலிருந்து குதிக்காது. அந்தந்தக் கிரகத்துப் பிள்ளைகள்தான் சம்பளத்துக்குச் சேர்ந்து, யாரோ தைத்துக் கொடுத்த சீருடையில், தங்கள் தெருவிலேயே காவல் நிற்பார்கள். நல்ல நாவல் அங்கேதான் இருக்கிறது என்பேன். யாரும் சரியாக எழுதியதாக எனக்குப் படவில்லை. உங்களுக்கு எழுதும் பழக்கம் இருந்தால் முயன்று பாருங்கள், ஊர் வரலாறு பாதி வேலையைச் செய்துவைத்திருக்கிறது.

இன்னொன்றும் இருக்கிறது, தூரம். ஏழு வருடத்துக்கு மேல் செஞ்சி முற்றுகை இழுத்ததற்குப் பட்டினி மட்டும் காரணமில்லை. சுல்பிகர் வேண்டுமென்றே இழுத்தடிக்கிறார், கிழவரான பாதுஷாவின் காலம் முடிந்தால் தனக்கொரு வழி பார்த்துக்கொள்ள நினைக்கிறார் என்ற சந்தேகம் அந்தக் காலத்திலேயே இருந்தது. மேற்பார்வைக்கு வந்த ஔரங்கசீப்பின் கடைசி மகன் காம் பக்‌ஷ் ராஜாராமோடு ரகசியமாகப் பேசப்போய், சொந்தத் தளபதிகளாலேயே காவலில் வைக்கப்பட்டார். எல்லாம் பாதுஷா தக்காணத்தில் உட்கார்ந்திருக்க, குதிரைத் தபால் ஓடிவருவதற்குள் நடந்தவை. செவ்வாய்க்குச் செய்தி போக 3 முதல் 22 நிமிடம் ஆகும், அது பரவாயில்லை. பக்கத்து நட்சத்திரத்துக்கு ஒளியே நான்கு ஆண்டுகளுக்கு மேல் ஓட வேண்டும். அங்கே நிற்கும் தளபதி கேள்வி கேட்டு, பதில் வர எட்டு ஆண்டு ஆகிவிடும். அதுவரை அவர்தான் அங்கே ராஜா. வியட்நாமில் போரிட்டுத் திரும்பிய ஜோ ஹால்டெமன் 'தி ஃபாரெவர் வார்' (1974) நாவலில் இதன் மறுபக்கத்தை எழுதினார்: சிப்பாய்க்குச் சில ஆண்டுகள் கழிவதற்குள் வீட்டில் நூற்றாண்டுகள் போய்விடுகின்றன. திரும்பி வந்தால் தன் ஊர் தன் ஊராக இல்லை.

திரும்பிப் போகாதவர்களும் உண்டு. செஞ்சியைப் பிடித்தபின் மொகலாயர்கள் கோட்டையை ஸ்வரூப் சிங் என்ற புந்தேலா ராஜபுத்திரரிடம் ஒப்படைத்தார்கள். எங்கோ வடக்கிலிருந்து வந்த கில்லேதார், அதாவது கோட்டைத் தலைவர். அவருக்குப் பின் மகன் தேஜ் சிங், ஆற்காடு நவாப் சாதத்துல்லா கானுக்குக் கப்பம் கட்ட மறுத்து, 1714இல் இளம் வயதிலேயே களத்தில் இறந்தார். புந்தேல்கண்டில் அவரை எத்தனை பேருக்குத் தெரியுமோ, நம் பக்கத்தில் தெருக்கூத்திலும் கதைப்பாட்டிலும் மூன்று நூற்றாண்டாக அவர்தான் தேசிங்குராஜன். காவல் காக்க அனுப்பிய படை, ஒரு தலைமுறையில் காவலுக்கு வைத்த மண்ணோடு ஒட்டிக்கொண்டது. கப்பல்காரனுக்கு இந்தச் சிக்கல் கிடையாது. தரையில் நிற்பவனுக்கு உண்டு. தூரத்துப் பேரரசு எதுவும் தன் காலாட்படையை முழுதாக நம்ப முடியாமல் போவது இதனால்தான்.

ரோபோக்களை விட்டுவிட்டீர்களே என்று கேட்பீர்கள். சுடுகிற வேலையை அவை எடுத்துக்கொள்ளும், எடுத்துக்கொண்டும் விட்டன. 2022இல் தொடங்கிய உக்ரைன் போரில் டிரோன் இல்லாத நாளில்லை. பதுங்குகுழியில் ஆள் இல்லாத நாளும் இல்லை.

நண்பர் பக்கமும் நியாயம் உண்டு, மறைக்கக் கூடாது. சினிமாவில் வருவதுபோல் திறந்த வெளியில் ஆயிரக்கணக்கானோர் வரிசை கட்டி ஓடினால், மேலே கப்பல் வைத்திருப்பவன் ஒரு சுற்று வருவதற்குள் எல்லாரையும் துடைத்துவிடுவான். 'தி எம்பயர் ஸ்ட்ரைக்ஸ் பேக்' (1980) எடுத்தவர்களுக்கே இது உறுத்தியிருக்க வேண்டும். பனிக்கிரகத்துத் தளத்துக்கு மேல் ஒரு காப்புத் திரையைக் கற்பித்து, கப்பலால் சுட முடியாது என்று ஆக்கிய பிறகுதான் தரைப்படையை இறக்கினார்கள். மேலிருந்து சுடுபவன் இருக்கிறவரை கீழே படை சிறு குழுக்களாகச் சிதறி, ஒளிந்து, ஊருக்குள் கலந்துதான் இருக்க முடியும். பார்ப்பதற்குப் பாதி போலீஸ், பாதி பொதுப்பணித்துறை மாதிரி இருக்கும். அதை யாரும் டிக்கெட் வாங்கிப் பார்க்கமாட்டார்கள்.

எனவே தீர்ப்பு: பிரியாணி நண்பர் செலவு. அந்தக் கடைசி நியாயத்துக்காக டீக்காசு உங்களுடையது. அதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெயில் ஏறுமுன் இருவருமாக ராஜகிரி உச்சிவரை போய்வாருங்கள். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். நாலு லிட்டரையும் அவரே தூக்கி வரட்டும்.